எண்ணெய் போன காது

குரங்குதான் அதை முதலில் கண்டுபிடித்தது.

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் குரங்குகளின் ராஜ்ஜியம்தான். ஐந்தருவிச் சாலையில் சமையலறை ஜன்னலைச் சாத்த மறந்தவர் பாடு திண்டாட்டம். அன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய சாரலில் தென்னை மட்டைகள் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தன. ஈரமண் வாடையும் அடுத்த தெருவில் பொரித்த நேந்திரங்காய்ச் சிப்ஸின் வாடையும் வீட்டுக்குள் வந்தன. குழல்வாய்மொழி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கடுவன் குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே குதித்தது. தட்டு உருண்டது. நனைந்த மயிர் நாற்றத்தோடு அது அவள் முகத்துக்கு நேரே வந்து, பல்லைக் காட்டி உறுமியது.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

குரங்கு அவள் கையிலிருந்த தேங்காய் மூடியைப் பிடுங்கியது. அவள் கொடுத்துவிட்டாள். பிறகு அது அவள் முகத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. காட்டிய பல்லை மூடிக்கொண்டு, தேங்காய் மூடியைத் தரையிலேயே போட்டுவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நகர்ந்து ஜன்னலேறி ஓடிப்போனது.

அவள் பயந்துபோயிருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. 'ஐயோ' என்று தலைக்குள் அலறினாள். ஆனால் அந்த ஐயோ கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை, உள்ளங்கை வேர்க்கவில்லை. உடம்பு யாருடையதோ போல உட்கார்ந்து, அடுத்த மூடியை எடுத்துத் துருவ ஆரம்பித்தது.

போன வருஷம்வரை பல்லி விழுந்தால் தெருவையே கூட்டிவிடுகிறவள் இவள். அந்தத் தொண்டையை நம்பித்தான் இந்த வீட்டில் ஒரு பிள்ளை பத்திரமாக இருந்தது.

அவள் புருஷன் காமராஜுக்குத் தென்காசியில் மின்சாமான் கடை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஊரில் நல்ல பெயர். அவனுக்குச் சத்தம் மட்டும் ஆகாது. சீசன் மாதங்களில் அந்தச் சாலையில் எல்லோரும் செய்கிறபடி அவர்களும் வீட்டின் முன்பாகத்தை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வார்கள். அப்போது அவனுடைய காதுகள் இன்னும் கூர்மையாகிவிடும். மகள் சுஜிதா அழுதால் அவன் திட்டமாட்டான். கையைப் பிடித்து, பைய நடத்திக்கொண்டுபோய், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவான்.

"அழுது முடிச்சிட்டு வா, என்ன?" என்பான்.

ஜன்னல் இல்லாத அறை. தேங்காய் நாரும் பினாயிலும் எலிப் புழுக்கையும் நாறும். மழைக்காலத்தில் சுவரில் பூரான் ஊரும். போன சீசனில் சுஜி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. குழல்வாய்மொழி அன்று கத்திய கத்தலில் முன்பக்கத்துச் சென்னைக் குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கடையநல்லூர்க்காரி, புருஷன் துபாயில் இருக்க, தனியாக வீடு கட்டிக் குடிவந்தவள். யாருக்கும் பயப்படமாட்டாள். அவள்தான் தாழ்ப்பாளைத் திறந்து, "பச்சப் புள்ளைய இப்டியா போட்டு அடைப்பிய?" என்று காமராஜை முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் சுஜியின் கையைத் தொடும்போதெல்லாம் குழல்வாய்மொழி தொண்டையைத் திறந்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அத்தனைக்கும் உடம்பு விலை கேட்டது. அவனுடைய பைக் தெருமுனையில் திரும்பும் ஓசைக்கே அவளுக்கு நெஞ்சு துடிக்கும், வயிறு கலங்கும், சாப்பாடு மேலே வரும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மன அழுத்தம் என்றார்கள். காமராஜ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு நரம்புலதான் கோளாறு, குழலி. சரி பண்ணிருவோம்."

தென்காசியில் ஒரு சிகிச்சை மையம். ஜஸ்டின் என்ற இளைஞன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகிற ஒரு நரம்பு, வேகஸ் என்று பெயர், அதன் ஒரு கிளை காதுமடலில் வருகிறது, அங்கே மெல்லிய மின்சாரத்தால் தட்டிக்கொடுத்தால் படபடப்பு அடங்கும். உள்ளங்கை அளவுக்கு, பேட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டி, ஒரு திருகு, ஒயர், நுனியில் பஞ்சு வைத்த கிளிப். பெட்டியில் இரண்டு துளைகள் இருந்தன. கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ள இன்னொரு கிளிப்பும் இருந்தது.

"லேசா கூசணும், அவ்ளோதாங்க்கா. வலிச்சா உடனே கொறைச்சிரணும். காது சுத்தமா இருக்கணும். சின்னப் பிள்ளைங்க கை படாம வைங்க."

அவன் சொன்னதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் அவன் நாகர்கோவில் பக்கத்துப் பையன். குற்றாலத்து எண்ணெயைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இங்கே எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போனால் பாவம் செய்த மாதிரி. குழல்வாய்மொழி தினமும் தலைக்கு வைத்தபிறகு விரலில் மிஞ்சிய எண்ணெயைச் சுண்டுவிரலால் இரண்டு காதுக்குள்ளும் தடவிவிடுவாள். அவள் அம்மா தடவினாள், இவளும் தடவினாள். காது சுத்தம் என்றால் அவளுக்கு அதுதான் சுத்தம்.

காமராஜ் கிளிப்பை மாட்டித் திருகுவான். "தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே."

இன்னும் கொஞ்சம் திருகுவான். மறுநாள் அதற்கும் மேலே. எண்ணெய்ப் பூச்சுக்கு மேலே மின்சாரம் உட்கார்ந்து காத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. திருகு முடிவுவரை போய் நின்றது.

சாரல் பிடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சுஜியோடு ஐந்தருவிக்குப் போனாள். சீயக்காய் தேய்த்து, தலைமேல் தண்ணீர் கல்லாக விழ நெடுநேரம் நின்றாள். எண்ணெய்ப் பசை போன காது விரல் பட்டால் கிரீச்சிட்டது. பல மாதங்களில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் காமராஜ் வழக்கம்போல் கிளிப்பை மாட்டிச் சுவிட்சைத் தட்டினான்.

காதிலிருந்து ஒரு சூடான கம்பி கழுத்துக்குள் இறங்கியது. தொண்டையைத் தாண்டியது. நெஞ்சைப் பிடித்தது. நெஞ்சு நின்றது. அவள் கத்த வாயைத் திறந்தாள், காற்றுகூட வரவில்லை. பிறகு ஒரு துடிப்பு. பிறகு, வெளியே ஒரு வேன் தெருவைக் கடந்து போய் அதன் ஓசையும் அடங்கியபின், இன்னொன்று.

காமராஜ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "இப்பதான் வேலை செய்யுது," என்றான் திருப்தியாக.

அவன் திருகைக் குறைக்கவில்லை. ஓடுகிற மெஷினில் கை வைக்கக்கூடாது என்பது அவன் கடைக் கொள்கை. எல்லாம் அருவியின் மூலிகைத் தண்ணீர் செய்த மாயம் என்று நம்பினான். தினமும் விடிந்ததும் அவளை அருவிக்குக் கூட்டிப்போய் நனைத்துக்கொண்டுவந்து, ஈரம் சொட்டச் சொட்ட மாட்டினான். குரங்கு வந்தது அந்த வாரத்தில்தான்.

வேலைகளை உடம்பு செய்தது. பழகிய வேலை எதற்கும் அது தயங்கவில்லை. கேட்டால் பதில் சொன்னது, அதுவும் இனிமையாக. கோபம், பயம், மறுப்பு, இவற்றை மட்டும் அது வாங்கவில்லை. அவள் உள்ளே நின்று கதவைத் தட்டுவாள். வெளியே உடம்பு சாம்பாருக்கு உப்புப் பார்க்கும். மெலிந்த கன்னத்தில் சதை வைத்தது. சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ஷரீபுன்னிசாகூட மதில்மேல் எட்டிப்பார்த்து, "இப்பதான் முகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்கு, குழலி. அப்டியே இரு," என்றாள்.

அவளுக்கு அந்த நல்லவளை அறைய வேண்டும்போல் இருந்தது. உதடு சிரித்தது.

சுஜிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் காமராஜ் அவள் கையைப் பிடித்து மாடிப்படியை நோக்கி நடத்தினான். பென்சில் பெட்டியைக் கீழே போட்டுச் சத்தம் செய்துவிட்டாள், அவ்வளவுதான் குற்றம். சுஜி திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எம்மா, கத்தும்மா," என்றாள். "எம்மா, கத்தேன்."

குழல்வாய்மொழி அடுப்படி வாசலில் நின்றாள். கத்து. கத்துடி. உள்ளே இருந்த ஒவ்வொரு அணுவும் அதைத்தான் சொன்னது. உடம்பு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவைப் பிறாண்டும் சத்தம் ஆரம்பித்தது. அவளுடைய நாடி, படுத்த மாடு அசைபோடுவதுபோல, நிதானமாக நடந்தது.

அன்றிரவு குற்றவுணர்ச்சியில் தன்னால் கண்ணை மூட முடியாது என்று நினைத்தாள். உடம்பு நன்றாகத் தூங்கியது.

எண்ணெயைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். பழகிய வேலையை உடம்பு மறுக்காது என்று சொன்னேன் அல்லவா? ஒருநாள் காலையில் அருவியிலிருந்து திரும்பியதும், ஈரத்தலையோடு, கை தானாகப் போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தது. உள்ளங்கையில் ஊற்றியது. நெற்றியோரம் தேய்த்தது. மிஞ்சியதைச் சுண்டுவிரலால் காதுக்குள் விட்டது. காமராஜ் கிளிப்பை மாட்டினான். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளும் கையை அதன் பழக்கத்திலேயே விட்டாள். அதற்கடுத்த நாளும். முகத்தை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டாள். ஒரு காலையில் தம்ளர் ஒன்று தவறி விழுந்து தெறித்தது. நெஞ்சு ஒரேயொரு தடவை துள்ளியது.

அவளுக்கு அழுகை வந்தது. பயம் திரும்பி வந்துவிட்டது. பயம் இத்தனை இனிப்பாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இன்னும் கொஞ்சம் நாள், இன்னும் கொஞ்சம் எண்ணெய். அடுத்த தடவை அவன் பிள்ளையைத் தொட்டால் பக்கத்து ஊர் மேலகரம்வரை கேட்கக் கத்துவேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

அடுத்த தடவைக்கு அதிக நாள் ஆகவில்லை. முன்பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த குடும்பம் தங்கியிருந்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மலை தெரியவில்லை. சாரல் மழையாகி, தகரக் கூரையில் சரளை கொட்டுகிற இரைச்சல். தூரத்தில் அருவிக்கரையில் ஆட்களை வெளியேற்றும் விசில் ஊதிக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. இருட்டில் சுஜி வீறிட்டாள்.

காமராஜ் எமர்ஜென்சி லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் நிழல் அவனுக்குப் பின்னால் சுவரில் வந்தது.

"சுஜி. ஆள் இருக்குல்லா முன்னால?"

"போமாட்டேம்ப்பா. அங்கன பூரான் இருக்குப்பா. எப்பா!"

அவன் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தான்.

குழல்வாய்மொழியின் நெஞ்சு அடித்தது. மறுபடி அடித்தது. அடி வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

வந்தது ஒரு சின்னச் சத்தம். பூனைக்குட்டி மிதிபட்டதுபோல. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த தொண்டை அவ்வளவுதான் கொடுத்தது.

காமராஜ் பிள்ளையின் கையை விட்டான். லைட்டை அவள் முகத்துக்குக் கொண்டுவந்தான். கன்னம். கண். காது. காதில் வெளிச்சம் மினுமினுத்தது. அவன் விரலை விட்டுத் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"தேங்கா எண்ணெய்," என்றான்.

விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்ட சிரிப்பு அது.

"அப்போ மூலிகைத் தண்ணி ஒண்ணுமில்ல. எண்ணெய் போனதாலதான் புடிச்சிருக்கு. நான் ஒரு கூறுகெட்டவன், கடையில ஒயரைச் சுரண்டாம மாட்டுவேனா?" அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டான். "நீயாவது சொல்லப்படாதா, குழலி?"

அவள் ஓடப் பார்த்தாள். உண்மையிலேயே ஓடப் பார்த்தாள். கால் ஓர் அடி நகர்ந்தது. அவன் தோளில் கை வைத்து உட்காரவைத்தான். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, காதின் ஒவ்வொரு மடிப்பையும், குழந்தைக்குத் துடைப்பதுபோல, பொறுமையாகத் துடைத்தான். ஸ்பிரிட் குளிர்ந்தது. நெடி மூக்கில் ஏறியது. கிளிப் கவ்வியது.

கம்பி இறங்கியது.

தொண்டை. நெஞ்சு. வயிறு.

ஒரு துடிப்பு.

மதில் பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. மழையில் ஷரீபுன்னிசாவின் குரல். "குழலி? என்னமோ சத்தம் கேட்டுச்சே! என்னட்டி ஆச்சு?"

காமராஜ் பின்கதவை அகலத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றான். "நீயே சொல்லு," என்றான்.

அக்கா, போகாதே. அக்கா, உள்ளே வா. என் காதில் இருப்பதைப் பிடுங்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு. அக்கா.

"ஒண்ணுமில்லக்கா," என்றது அவளுடைய வாய், தேன் ஒழுக. "குரங்கு வந்துச்சு. நனையாதிய, உள்ள போங்க."

"நல்லவேளை," என்று டார்ச் திரும்பியது. வெளிச்சம் மதிலைவிட்டு இறங்கியது. செருப்புச் சத்தம் தேய்ந்தது. போய்விட்டாள்.

காமராஜ் பெட்டியின் அடியிலிருந்து இரண்டாவது கிளிப்பை எடுத்தான். புத்தம்புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்தான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்தான். சுவிட்சை அணைத்து இரண்டாவது துளையில் சொருகினான். திருகைத் தொடவில்லை. அது முடிவில் நின்றது.

"சுஜி, இங்கன வா."

பிள்ளை மூலையில் ஒண்டியிருந்தது. போன வருஷம்தான் காது குத்தியிருந்தார்கள். காதுப் பக்கம் கை வந்தாலே அதற்கு அழுகை வரும். காமராஜ் தூக்கிக்கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தான்.

"மாமன் மடியில உக்காந்தேல்லா, அன்னைக்கு? அதே மாதிரிதான். அம்மா புடிச்சிக்கிடுவா. குழலி, தலைய அசையாமப் புடி."

காது குத்தின அன்றும் தலையைப் பிடித்தவை இந்தக் கைகள்தான்; பிடிப்பது எப்படி என்று அவற்றுக்குத் தெரியும். பழகிய வேலை.

ஒரு கை சுஜியின் நெற்றியை அழுத்திப் பிடித்தது. இன்னொரு கை இரண்டு சின்னக் கைகளையும் சேர்த்துக் கவ்வியது. விடு. விடு. விடுடி. விடவில்லை. பிள்ளையின் நெஞ்சு அவள் கைக்கு அடியில் படபடபடவென்று அடித்தது. சுஜி முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, கத்..."

சுவிட்ச்.

கண்கள் அகன்றன. வாய் திறந்தபடியே நின்றது. அவள் கைக்கு அடியில் அந்தப் படபடப்பு நின்றுபோனது. அவள் காத்திருந்தாள். மழை பெய்தது. அவள் காத்திருந்தாள்.

ஒரு துடிப்பு.

சுஜியின் விரல்கள், அம்மாவின் சேலை நுனியை இறுகப் பற்றியிருந்தவை, ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வாய் மூடிக்கொண்டது. மூடிய உதடு மெல்ல விரிந்தது. அதே சிரிப்பு.

கரண்ட் வந்தது. முன்பக்கத்திலிருந்து மதுரைக்காரர் எட்டிப்பார்த்தார். "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் வெந்நி கிடைக்குமா? இப்ப வீட்டுல பிள்ளை இருக்கிறதே தெரியலையே! எவ்வளவு அமைதி!"

"நல்ல பிள்ளைங்க," என்றான் காமராஜ் பெருமையாக. வெந்நீரைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து, மகளின் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றினான். தலையைத் தடவினான். "இருட்டுல கத்துனேல்லா, சுஜி? என்ன செய்யணும்?"

சுஜி மடியிலிருந்து இறங்கினாள். மாடிப்படிக்கு நடந்தாள். எக்கி, சாமான் அறைத் தாழ்ப்பாளைத் தானே திறந்தாள். உள்ளேயிருந்து நாரும் பினாயிலும் நாறின. வாசல்படியில் நீளமாக ஒரு பூரான் வளைந்து வளைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சுஜி அதைப் பார்த்தாள். வெறுங்காலை அதன் அருகிலேயே ஊன்றி உள்ளே போனாள். திரும்பி அம்மாவுக்கு டாட்டா காட்டினாள். கதவை உள்பக்கமிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

குழல்வாய்மொழி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, மடியில் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். பிறாண்டும் சத்தம் வரட்டும் என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தாள்.

உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.